செம்புக் கம்பியும் காரணமும்



இன்று நான் பேசப்போவது ஒரு கம்பிச் சுருளைப் பற்றி. 1937-லேயே மின்சார மோட்டார் செய்த ஊர் நம் கோயமுத்தூர். கிணற்று மோட்டார் புகைந்துபோனால் காயில் கட்டிக்கொடுக்கும் தோழர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். ஆனால் அவர்களைக் கைவேலைக்காரர் என்றும், புத்தகத்தை ஒப்பிப்பவரை மேதாவி என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். இது நியாயமா?

ஒரு மருந்தில் அணுக்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று அதைச் சிதைக்காமலே காட்டும் யந்திரம் ஒன்று உண்டு. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு யந்திரம் என்பது அதன் பெயர். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சின்னக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்தால் பம்பரம் தலையாட்டுவதுபோல் ஆடும். ஒரு டெஸ்லா பலத்தில் வினாடிக்குச் சுமார் 4 கோடியே 26 லட்சம் முறை. அதே வேகமுள்ள ரேடியோ மின்சாரத்தைச் சுருளில் விட்டு நிறுத்தினால், சாய்ந்த கருக்கள் அதே சுருளில் மிக நுண்ணிய மின்சாரத்தை எழுப்பும். ஆகவே அந்த யந்திரத்துக்குச் சுருள்தான் வாயும் காதும்.

அதை எப்படிச் சுற்றுவது? பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக அல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. சுருளின் அச்சு காந்தத்தின் திசைக்குக் குறுக்கே நிற்கவேண்டும். ஒரே திசையில் வைத்தால் ஒன்றும் கேட்காது. கம்பி கண்ணாடிக் குழாயை ஒட்டியிருக்கவேண்டும். விலகினால் ஓசை குறையும். வட்டமாகச் சுற்றிய சுருள், சேணம்போல் வளைத்ததைவிட இரண்டு மூன்று மடங்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் இன்றைய பெரிய காந்தங்களில் காந்தத் திசை மேல்கீழாக இருப்பதாலும், குழாயை மேலிருந்து இறக்குவதாலும், சேணச் சுருளையே வைக்கிறார்கள். செம்புக்குள்ள சொற்பக் காந்தக் குணமும் கெடுதல் செய்வதால், எதிர்க்குணமுள்ள அலுமினியத்தைச் சேர்த்துச் சமன் செய்கிறார்கள். கம்பியின் சூடே இரைச்சலாவதால், பூச்சியத்துக்குக் கீழே 250 டிகிரிவரை குளிரவைத்து, மூன்று நான்கு மடங்கு தெளிவு பெறுகிறார்கள்.

இது வெள்ளைக்காரனுக்கே வரும் வித்தை என்று நினைக்கவேண்டாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1951-ல் ஜி. சூரியன் என்பவர் சுருளுக்குள் திரவத்தை ஓடவிட்டுப் பார்த்தார். களைத்த கருக்கள் வெளியேறிப் புதியவை வந்ததால் ஓசை வலுத்தது. ஓடும் இரத்தத்தை அளக்கப் பின்னால் வந்த முறைகளுக்கு அது முன்னோடி.

நோய் தீரச் செம்புக் காப்பு விற்கிறவனிடம், இரண்டு சுற்றுக் குறைந்தால் குணம் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். பதில் வராது. இந்தச் சுருளோ அளந்து சொல்லும். ஆதலால் தோழர்களே, காயில் கட்டும் பிள்ளைக்குக் கணக்கையும் ரேடியோவையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள், "இந்தச் சுற்று ஏன்?" என்று அவனைக் கேட்கவிடுங்கள். கையையும் அறிவையும் பிரித்து வைத்ததே நமக்கு வந்த கேடு என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.