சியாக்காப் போடும் சத்தம்

பசியாறியாச்சா? ஆகாதவர்கள் ஆறிக்கொண்டே கேளுங்கள். இன்று நான் பேசப்போவது மீனைப் பற்றி.

முதலில் ஒரு சத்தம். வானொலியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். டப்! கேட்டதா? இரண்டு கையையும் குவித்து ஒரு தட்டுத் தட்டினேன், அவ்வளவுதான். ஆனால் மெர்போக் ஆற்றில் பொழுது சாயும் நேரத்தில் பக்காவ் மர வேர்களுக்குள்ளிருந்து இதே சத்தம் வந்தால், அப்புறம் எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. வீட்டுக்காரம்மா போன் அடித்தாலும் விழாது. அது சியாக்காப் இரை எடுக்கும் சத்தம். தமிழ்நாட்டில் கொடுவா என்பார்கள், அதே மீன்தான். அது கடித்துக் குதறித் தின்னும் சாதி இல்லை. வாயைப் பட்டென்று திறக்கும், தண்ணீரும் இறாலும் சேர்ந்து உள்ளே போகும், அந்த வேகத்தில் எழுவதுதான் இந்த ‘டப்’. இருட்டில் விளக்கடித்தால் கண் இரண்டும் கங்கு மாதிரி சிவப்பாக மின்னும். அது தனி அழகு.

நான் சுங்கை லாலாங்கில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் தோட்டத்துப் பாரிட், தெரிந்த மீன் ஹாருவானும் பூயூவும். மூங்கில் கம்பு, தங்கூசி, மண்புழு போதும். பீடோங்கைத் தாண்டிப் போனால் செமிலிங், அங்கே கடல் ஆற்றுக்குள் ஏறி இறங்குகிறது என்பது பதினைந்து வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் அரை மணிகூட ஆகாத தூரம்! இப்போது இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக சுங்கை பட்டாணியில் ஒரு தூண்டில் கடையில் வேலை. ரீல் பழுது பார்ப்பேன், நரம்பு சுற்றிக் கொடுப்பேன். விடுமுறை நாளில் செமிலிங் படகுத்துறையிலிருந்து சம்பானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவேன்.

இந்த நிகழ்ச்சியில் மூன்று விஷயம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இறகு கட்டுவது, நரம்பு வீசுவது, தண்ணீர் பார்ப்பது. ஆங்கிலத்தில் ஃப்ளை ஃபிஷிங் என்கிறார்களே, அதுதான். ‘ஈத் தூண்டில்’ என்று சொன்னால் ஈ பிடிக்கிற வேலை என்று நினைத்துவிடுவீர்கள், அதனால் நான் இறகுத் தூண்டில் என்றுதான் சொல்வேன். புழு கிடையாது, இறால் கிடையாது. முள்ளில் கொஞ்சம் இறகும் மயிரும் கட்டி, அதை உயிருள்ள இரை என்று மீனை நம்பவைக்க வேண்டும்.

எனக்கு இதைக் காட்டியவர் ஓர் அமெரிக்கர். 1990களின் கடைசியில் நம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலையாக வந்திருந்தார். பாஸ்டன் பக்கத்துக்காரர். கடைக்கு வந்தால் மணிக்கணக்காக நின்று பேசுவார், ஒன்றும் வாங்கமாட்டார். அவர் ஊர்ப் பெருமையெல்லாம் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற வரி மீனைப் பற்றித்தான். வெள்ளி நிற உடம்பில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடும். கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறும். கேப் காட் என்ற இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில், வெள்ளை மணல்மேல், அது வருவது கண்ணுக்குத் தெரியுமாம். இறகு வரைக்கும் வந்து, மூக்கால் முட்டுகிற மாதிரி பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விடுமாம். அதைச் சொல்லும்போது மனிதருக்கு முகம் வாடிவிடும், பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அந்த மீன் பிழைக்கத் தெரிந்தது. 1879இல் கிழக்குக் கரையிலிருந்து நூற்றுச் சொச்சம் குஞ்சுகளை ரயிலில் ஏற்றி, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயும் பெருகிவிட்டது. தோட்டத்தை நம்பிக் கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளை நான், இதைக் கேட்டதும் மீன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

சரி, இறகுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டில் பாதிச் சுகம் தண்ணீரில் இல்லை, வீட்டு மேசையில் இருக்கிறது. அமெரிக்கர் எனக்கு முதலில் கட்டக் கற்றுக்கொடுத்ததன் பெயர் ‘டிசீவர்’. தமிழில் ஏமாற்றுக்காரன்! லெஃப்டி கிரே என்ற பெரிய தூண்டில்காரர், செசபீக் விரிகுடாவில் இதே வரி மீனுக்காக உருவாக்கியது. 1991இல் அமெரிக்க அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. ஏமாற்றுக்காரனுக்குத் தபால்தலை போட்ட நாடு அது. வேறு எந்தெந்த நாட்டில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், வம்பு.

அதற்கு வேண்டியது இரண்டே சாமான். சேவலின் பிடரியிலும் முதுகிலும் வளரும் நீண்ட இறகு ஒன்று, மான் வால் மயிர் இன்னொன்று. மானுக்கு நான் எங்கே போவேன்? யோசித்துக்கொண்டே தோட்டத்து முனியாண்டி பூசைக்குப் போனேன். அங்கே சேவலும் விழுகிறது, கிடாயும் விழுகிறது! சின்ன வயதில் கறிச்சோற்றுக்குக் காத்துக்கிடந்தவன், அன்றிலிருந்து பிளாஸ்டிக் பையோடு போய் நிற்கிறேன். பூசாரி அண்ணனுக்கும் பழகிவிட்டது. “டேய், கழுத்தா வாலா?” என்பார். சேவலென்றால் கழுத்து, கிடாயென்றால் வால் மயிர். சவுக்காரம் போட்டு அலசி, பழைய பேப்பரில் உலர்த்தி, அந்துருண்டை போட்டு மைலோ டின்னில் அடைத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பிஸ்கட் என்று நினைத்துத் திறந்து அலறியிருக்கிறார்கள்.

இதில் ஓர் ஆச்சரியம் கேளுங்கள். ஏறத்தாழ 1,800 வருடங்களுக்கு முன்பு ஏலியன் என்ற ரோமாபுரி எழுத்தாளர், மாசிடோனியா நாட்டுக்காரர்கள் ஆற்றில் மீன் பிடிக்கும் விதத்தை எழுதி வைத்திருக்கிறார். முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டைக் கட்டுவார்களாம். சேவல் இறகு, சிவப்பு நூல். எங்கள் முனியாண்டி சன்னதியில் நான் பொறுக்குவதும் அதுதான். இதில் புதிது ஒன்றும் இல்லை. நம் கடலோரத்தில் கெம்போங் மீனுக்கு ‘அப்போலோ’ என்று ஒரு நரம்பு விற்கிறோமே, வரிசையாக முள்ளும் முள்ளுக்கு முள் பளபளப்பும் கட்டியது, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

கட்டும்போது இறகுகளின் குழிந்த பக்கம் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும், இரண்டு உள்ளங்கை கும்பிடுகிற மாதிரி. அப்போது அது தண்ணீரில் சுழலாது. இழுத்தால் ஒடுங்கி ஓடும், நிறுத்தினால் மெல்ல விரியும். மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அந்த மூச்சில்தான் மீன் விழுகிறது. கடையில் ஐம்பது வெள்ளிக்கு விற்கிற பிளாஸ்டிக் மீன் பளபளவென்று நீந்தும், ஆனால் நின்றால் செத்துப்போகும். இறகு நின்றாலும் உயிரோடு இருக்கும். இதை நான் கடையில் சொல்லக்கூடாது, முதலாளி கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிக்கணும்.

இவ்வளவு பெருமை பேசினேன், அந்த ஏமாற்றுக்காரன் ஏமாந்த கதையையும் சொல்கிறேன். நானும் அமெரிக்கரும் ஒரு பாக் சிக்கோடு மெர்போக்கின் ஒரு சின்ன வாய்க்கால் முகத்தில் சம்பானை நிறுத்தியிருந்தோம். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. வேர்க்காட்டுக்குள் ஏறியிருந்த தண்ணீரெல்லாம் அந்த ஒரு வாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். நாலு பக்கமும் டப், டப், டப்! நாங்கள் நாலு அங்குல வெள்ளை இறகை வீசுகிறோம், இழுக்கிறோம், ஒன்றும் இல்லை. மஞ்சள் இறகு, ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரம்! அமெரிக்கர் முகத்தில் அந்த மாப்பிள்ளை வீட்டு வாட்டம். பாக் சிக் சுருட்டை அணைத்துவிட்டு, “தெங்கோக் ஆயாக் டுலு” என்றார், முதலில் தண்ணீரைப் பார் என்று. சின்னக் கைவலையை ஒரு முக்கு முக்கிக் காட்டினார். வலையின் அடியில் கெராகாவ். பெலச்சான் இடிக்கிறார்களே, அந்தப் பொடி இறால். நம் பாட்டிமார் சென்னாக்குன்னி என்பார்கள். கண்ணாடி மாதிரி உடம்பு, நகத்தளவு நீளம், ஆயிரக்கணக்கில்.

சியாக்காப் பிகு பண்ணவில்லை நேயர்களே. அது பந்தியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறது, நாங்கள் முன்னால் முழுப் பலாப்பழத்தை ஆட்டிக்கொண்டிருந்தோம். அமெரிக்கர் சிரித்துவிட்டார். அவர் பக்கத்திலும் மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடற்புழுக்கள் கூட்டமாகக் கிளம்புமாம், அப்போது வரி மீன் வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காதாம். கத்தரிக்கோல் இல்லை. நான் பல்லாலேயே இறகைக் கடித்து, கடித்து, நகத்தளவு ஆக்கினேன். சத்தம் வந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே போட்டேன். இழுக்கவில்லை, தண்ணீரே கொண்டுபோகட்டும் என்று விட்டேன். டப்! அந்தத் தடவை சத்தம் என் நரம்பில் கேட்டது. மூன்று கிலோ இருக்கும். அது துள்ளி எழுந்து தலையை உதறியதை இன்னும் கனவில் பார்க்கிறேன்.

அந்த மீனைத் தூக்கும்போதுதான் கட்டை விரலை அறுத்துக்கொண்டேன். பல் சொரசொரப்புதான், பயமில்லை. செவுள் மூடியின் ஓரம் சவர பிளேடு. அதனால் முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்கு 40, 50 பவுண்டுத் தங்கூசி கட்டிக்கொள்ளுங்கள். இது கட்டாயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார், நேரம் ஓடிவிட்டதாம். வீசுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். இதில் இறகுக்குக் கனமே இல்லை, கனமெல்லாம் நரம்பில். சாட்டை மாதிரி பின்னால் ஒரு வீச்சு. அது முழுக்க நீளும் வரை பொறுக்க வேண்டும். பிறகு முன்னால் ஒரு வீச்சு. பொறுக்காதவனுக்கு நரம்பு கழுத்தைச் சுற்றும். நான் தோட்டத்துத் திடலில் பழகிக்கொண்டிருந்தபோது பாட்டி வந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏண்டா, மாட்டக் காணோம், கயித்த மட்டும் வீசிக்கிட்டு இருக்கே?” என்றார். பழகப் புல் திடல் போதும், ஆறு வேண்டாம். இழுத்த நரம்பு வேரில் சிக்காமல் இருக்க அதற்கென்று இடுப்புக்கூடை விற்கிறார்கள். நான் ஒரு சிவப்பு வாளியைத்தான் கட்டிக்கொள்கிறேன்.

மூன்றாவது, தண்ணீர். பாட்டி அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் எதையும் தொடங்கமாட்டார். எனக்கு அதுதான் நல்ல நாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் ஆளுயரத்துக்கு இருக்கும், சேறு கலங்கி ஆறே தே தாரிக் மாதிரி ஆகிவிடும். அஷ்டமி பாதி நிலா. அன்று தண்ணீர் அடக்கமாக ஓடும், கொஞ்சம் தெளியும். கேப் காட் மணல் மாதிரித் தெளியாது, நம் ஆற்றில் மீன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவர்களுக்குக் கண், நமக்குக் காது. பந்தாய் மெர்டேக்கா மணல்மேட்டில் இறங்கி நிற்கிறவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும்.

இன்னும் ஒன்று. சியாக்காப் முதல் சில வருடம் ஆணாக இருந்து, பிறகு பெண்ணாக மாறும். பெரியவை எல்லாம் அநேகமாகத் தாய்தான், ஒன்று இலட்சக்கணக்கில் முட்டையிடும். அதனால் நான் சட்டியளவு மீனை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போவேன். சாப்பாட்டுக் கடையில் லீமாவ் போட்டு அவித்துத் தருவதெல்லாம் பெரும்பாலும் கூண்டில் வளர்ந்தது, நம் செமிலிங் பக்கமும் கூண்டுகள் உண்டு. ஆற்று மீனின் புளிக்குழம்பு ருசி அதில் வராது என்று வீட்டுக்காரம்மா சொல்வார், நான் மறுத்துப் பேசியதில்லை. சோழர் கப்பல், பூஜாங் பள்ளத்தாக்கு, கடாரம் என்றெல்லாம் இந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல இருந்தேன். தம்பி இப்போது இரண்டு கையையும் காட்டுகிறார்.

அமெரிக்கர் ஊருக்குத் திரும்பும்போது கம்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நம்பர் கம்பு, நுனி ஒருமுறை ஒடிந்து ஒட்டியிருக்கிறேன். வருகிற அஷ்டமி மாலை, தண்ணீர் வற்றத் தொடங்கும் நேரத்தில், அதோடு செமிலிங்கில்தான் இருப்பேன். இடுப்பில் சிவப்பு வாளி கட்டிய ஆளைப் பார்த்தால் நீங்களும் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். சம்பானில் இடம் இருக்கும். வந்து உட்கார்ந்ததும் பேச்சுக் கொடுக்க வேண்டாம், கொஞ்ச நேரம் காது கொடுங்கள்.