கடல் கடந்த சாவகர்: மகுவா வீர்சந்த் காந்தி

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாகப் பணியாற்றியவன் நான். காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யை மாணவர்க்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். இலண்டனிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய அடிகள் பம்பாயில் வழக்குக் கிடைக்காமல் தவிக்கும் பகுதியில் நண்பர் ஒருவர் வருவார். அடிகளின் உணவுச் சோதனைகளில் அவரும் சேர்ந்துகொள்வார். பெரோஸ்ஷா மேத்தா போன்ற பெரும் வழக்கறிஞர்களின் ஆற்றலை எடுத்துரைப்பார். பாரிஸ்டர் ஒருவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்வது இயல்பே என்பார். அதைக் கேட்ட அடிகளுக்குக் கலக்கமே மிகும். அந்த நண்பரின் பெயர் வீர்சந்த் காந்தி.

ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "இவர் அடிகளுக்கு உறவினரா ஐயா?" என்று வினவினான். "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அந்த விடை தவறானது. பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். வந்தவர் நம் சமயத்தார் என்பதைக்கூட அறியாமல் அவரைக் கடந்து சென்றேனே, அது அதனினும் பெரிய தவறு. அன்று அந்த மாணவனுக்குச் சொல்லத் தவறியதை இன்று இந்த அவையில் சொல்ல விழைகிறேன்.

குசராத்தின் கத்தியவார்ப் பகுதியில், கடற்கரையை ஒட்டிய சிற்றூர் மகுவா. அங்கே ஒரு வணிகக் குடும்பத்தில் 1864 ஆகஸ்டு 25ஆம் நாள் வீர்சந்த் பிறந்தார். தந்தையார் இராகவ்ஜி. பாவநகரில் பள்ளிக் கல்வியை முடித்து, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1884ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். இருபத்தொன்றாம் வயதில் பாரத ஜைன சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளையிடம் கோயில் சாவியைக் கொடுக்கக்கூட நாம் தயங்குவோம்.

பொறுப்பேற்ற உடனே அவர் முன் நின்றது பாலிதானாச் சிக்கல். சத்ருஞ்சய மலைக்கு யாத்திரை வருவோர் ஒவ்வொருவரிடமும் பாலிதானா மன்னர் வரி வாங்கிவந்தார். அதனால் பூசல்கள் எழுந்தன. மன்னரை எதிர்ப்பது உயிருக்கே ஊறு விளைக்கக்கூடிய காலம் அது. வீர்சந்த் பம்பாய் ஆளுநர் ரே பிரபுவையும் ஆங்கில அரசின் பிரதிநிதியான கர்னல் வாட்சனையும் அணுகிச் சமூகத்தின் குறையை எடுத்துரைத்தார். 1886இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆள்வரி நீங்கி, ஆண்டுக்கு 15,000 ரூபாய் என ஒரே தொகையாக நாற்பது ஆண்டுகளுக்கு வரையறுக்கப்பட்டது. செல்வர் வணங்கும் மலையில் ஏழையும் கட்டணமின்றி ஏறி வணங்க வழி பிறந்தது.

அடுத்தது சம்மேத சிகரம். இருபது தீர்த்தங்கரர்கள் முத்தி எய்திய மலை அது. திகம்பரர், சுவேதாம்பரர் என்ற வேறுபாடின்றி நாம் அனைவரும் போற்றும் தலம். அம்மலையில் பாடம் என்னும் ஆங்கிலேயர் பன்றிக்கொழுப்பு எடுக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினார். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் தொழும் மலையில் கொலைக்கூடம்! கீழ் நீதிமன்றத்தில் சமணர் தரப்பு தோற்றது. வீர்சந்த் மனம் தளரவில்லை. கல்கத்தாவுக்குச் சென்றார். பழைய ஆவணங்கள் வங்க மொழியில் இருந்தமையால் அங்கேயே தங்கி அம்மொழியைக் கற்றார். ஏடுகளைத் தாமே படித்து, மலையின் மீது சமணர்க்குள்ள உரிமைக்குச் சான்று திரட்டினார். மேல்முறையீட்டில் சமணர் வென்றனர், தொழிற்சாலை மூடப்பட்டது. நாம் இன்று சிகர யாத்திரை சென்று வந்து பெருமையோடு படம் காட்டுகிறோம். ஒருவர் வழக்குக்காக வேற்று மொழி பயின்ற உழைப்பு அந்தப் படங்களுக்குப் பின்னே இருக்கிறது.

1893இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகச் சமயப் பேரவை கூடியது. சமணத்தின் சார்பில் அழைப்பு வந்தது ஆசாரியர் விஜயானந்த சூரிக்கு. ஆத்மாராம்ஜி என்று மக்கள் அழைத்த பெருந்துறவி அவர். ஊர்தி ஏறாமை துறவிக்குரிய விரதம். ஆதலின் தாம் செல்ல இயலாதென்று கூறி, வினாவிடை வடிவில் ஒரு நூலை எழுதி, வீர்சந்தைப் பயிற்றி அனுப்பினார். கத்தியவார்த் தலைப்பாகையுடன் அவர் அந்த மேடையில் நின்றபோது வயது இருபத்தொன்பது. விவேகானந்தர் பேசிய அதே பேரவை அது.

அங்கே நிகழ்ந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். இலண்டனிலிருந்து வந்திருந்த பென்டிகாஸ்ட் பாதிரியார், இந்துக் கோயில்களைச் சார்ந்த மகளிரைப் பற்றி இழிவாகப் பேசினார். சமணத்தை அவர் தொடவில்லை. வீர்சந்த் வாளா இருந்திருக்கலாம். தம் சமயத்தின் மீது எவரும் குறை கூறவில்லை என்பதைச் சுட்டிவிட்டு, இந்து சமயத்தாருக்காக எழுந்து அந்தப் பழியை மறுத்தார். அயலார் வீட்டின் மீது விழும் கல்லையும் தம் கையால் தடுப்பவர் சமூகத் தலைவர் என்பதை அந்த மேடை கண்டது.

அன்பர்களே, இத்தகைய பணியாற்றித் திரும்பியவரை நாம் எப்படி வரவேற்றோம்? கடல் கடந்தது குற்றம், அவரைச் சமூகத்திலிருந்து விலக்க வேண்டும் என்று ஒரு சாரார் முழங்கினர். அயல்நாட்டிலும் அவர் ஊன் மறுத்து, தம் சமய ஒழுக்கத்தைக் காத்தே வாழ்ந்தார். அது அவர்கள் செவியில் ஏறவில்லை. அனுப்பிய ஆசாரியரே அவர் பக்கம் நின்றார். பிறர் கூற்றிலும் ஒரு கூறு உண்மை இருக்கலாம் என்பதே அனேகாந்தம். அதை உலகுக்கு விளக்கச் சென்றவரிடம் நம்மவரே அதைக் காட்டவில்லை.

அவர் மனம் கசந்து ஒதுங்கவில்லை. மீண்டும் மேல்நாடு சென்று சமணம், யோகம், இந்தியத் தத்துவம் குறித்துப் பல சொற்பொழிவுகள் ஆற்றினார். இந்தியப் பெண்களின் கல்விக்கென அங்கே ஒரு சங்கம் அமையக் காரணமானார். 1896-97இல் நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது அமெரிக்க மக்களிடம் எடுத்துரைத்து, ஒரு கப்பல் நிறையச் சோளமும் நாற்பதாயிரம் ரூபாயும் தாயகத்துக்கு அனுப்பினார். கடல் கடந்ததால் அவர் சாதி கெட்டது என்றார்கள். அவர் அனுப்பிய கப்பலும் அதே கடலைக் கடந்துதான் வந்தது.

இடையறாத பயணமும் உழைப்பும் உடலை வருத்தின. 1901இல் நோயுற்றுத் தாயகம் திரும்பினார். சில வாரங்களுக்குள், ஆகஸ்டு 7ஆம் நாள் உயிர் நீத்தார். முப்பத்தேழாம் ஆண்டு நிறைவுக்கு இன்னும் பதினெட்டு நாள்கள் இருந்தன. 2002ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது.

இறுதியாக என் வீட்டுச் செய்தி ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் வேலை நிமித்தம் அமெரிக்கா புறப்பட்டான். அங்கே நம் ஒழுக்கம் என்னாகும் என்ற அச்சத்தில் மூன்று நாள்கள் நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் தாய் அழுதாள். அவன் என் காலைத் தொட்டு வணங்கி விடைபெற்றபோதும் நான் வாய் திறக்கவில்லை. வீர்சந்தின் வரலாற்றைப் படித்த பின்னரே, அன்று விலக்கச் சொன்ன கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றிருப்பேன் என்று உணர்ந்தேன்.

முன்பெல்லாம் தொலைபேசியில், "பொழுது சாயுமுன் உண்டாயா?" என்றே முதலில் கேட்பேன். இப்போது, "நம் அறத்தைப் பற்றி உன்னை யாரேனும் வினவினார்களா? நீ என்ன சொன்னாய்?" என்று கேட்கிறேன். சென்ற மாதம் அவன் சொன்னான்: "கேட்டார்கள் அப்பா. எனக்குச் சரியாக விடை சொல்லத் தெரியவில்லை." அந்தக் குறை அவனுடையதன்று. ஊராருக்கெல்லாம் பாடம் சொன்ன நான், வீட்டில் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது ஞாயிறுதோறும் ஒருமணி நேரம் தொலைபேசியில் பாடம் நடக்கிறது.

பெரியோர்களே, புறப்படும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டா. ஆத்மாராம்ஜி செய்ததைப் போல், விடைகளைக் கற்பித்து அனுப்புவோம். அவர்கள் திரும்பி வரும்போது வாயிலில் நின்று வரவேற்போம்.