வக்கீல் குமாஸ்தாவும் நம் வீட்டுத் தஸ்தாவேஜுகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்பனையும் வள்ளுவனையும் பற்றிப் பேச இம்மேடையில் வல்லவர்கள் பலர் உளர். மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு அந்த வன்மை கிடையாது. ஆகவே என் இனத்தைச் சேர்ந்த மற்றொரு குமாஸ்தாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். என் பெரிய தகப்பனார் சித்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். நான் சொல்வதில் பெரும்பகுதி அவரிடம் கேட்டது.

நியாயஸ்தலத்தில் குமாஸ்தாக்கள் இருவகை. சிரஸ்தார், நாசர், அமீனா முதலியோர் சர்க்கார் சம்பளக்காரர். வக்கீல் குமாஸ்தாவோ வக்கீலை நம்பி வாழ்பவர். இந்தப் பெயர்களில் ஒன்றேனும் தமிழோ தெலுங்கோ அன்று. குமாஸ்தா, வக்காலத்து, வாய்தா யாவும் பாரசீகமும் அரபியும் தந்தவை. நவாபுகள் போனார்கள், அவர்களுடைய வாய்தா மட்டும் போகவில்லை!

சித்தூரில் குமாஸ்தா வேலை பார்ப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். 1911 வரை சித்தூர்தான் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகர். அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் தேதி அது ஆந்திர ராஜ்யத்தோடு சென்றது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதியும் தனி ஜில்லாவாகிவிட்டது. உயர் நீதிமன்றமும் அவ்வாறே. முதலில் சென்னை, 1954இல் குண்டூர், 1956இல் ஹைதராபாத், 2019 முதல் அமராவதி. நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் காகிதங்கள் மாத்திரம் இத்தனை ஊர் சுற்றின. பழைய பத்திரங்களோ பெரும்பாலும் தமிழில்.

அவற்றை மொழிபெயர்ப்பதில் இரண்டு கண்ணிகள் உண்டென்று பெரிய தகப்பனார் சொல்வார். ஒன்று அளவை. தொண்டை மண்டலத்துக் காணி என்பது 100 குழி. அது 1 ஏக்கர் 32 செண்டுக்குச் சமம். அதை ‘ஒரு ஏக்கர்’ என்று அவசரத்தில் எழுதிவிட்டால், ஏழைக் குடியானவனுடைய 32 செண்டு மைக்கூட்டுக்குள் மூழ்கிப் போகும்.

மற்றது தேதி. பிரபவ முதலிய 60 வருஷப் பெயர்கள் நமக்கும் தெலுங்கருக்கும் ஒன்றே. ஆனால் அவர்களுக்கு யுகாதியன்று வருஷம் பிறக்கிறது. நமக்குச் சித்திரை முதல் தேதியன்று. இடைப்பட்ட நாட்களில் நமக்குப் பழைய வருஷம், அவர்களுக்குப் புது வருஷம். சித்தூர் ஜில்லா பிறந்த தினத்தையே பாருங்கள். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அது சாதாரண வருஷம், தெலுங்கில் விரோதிகிருது. திருத்தணி பிரிந்த தினம் நமக்கு விகாரி, அவர்களுக்குச் சார்வரி. பங்குனி மாதத்தில் எழுதிய தமிழ்க் கிரயப் பத்திரத்தைத் தெலுங்குக் கணக்கில் படித்தால் ஒரு வருஷம் பின்தள்ளிப் போகும். யார் முந்தி வாங்கினார் என்பதே வழக்கானால், அந்த ஒரு வருஷத்தில் வீடு கைமாறிவிடும்.

அடுத்து நகல் விஷயம். இதைத் தாய்மார்களும் கவனித்துக் கேட்கவேண்டும். முன்சீப் கோர்ட்டில் டிக்ரி எதிராக வந்தால், ஜில்லா கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள் கெடு; உயர் நீதிமன்றமானால் 90 நாள். தீர்ப்பின் நகல் வாங்குவதற்கு அவசியமாகும் நாட்களை 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தள்ளிக் கொடுக்கிறது. ஆனால் மனுப் போட்ட பிறகே அந்தச் சலுகை. மார்ச்சு 1ஆம் தேதி தீர்ப்பாகி, 5ஆம் தேதி மனுப் போட்டு, 25ஆம் தேதி நகல் தயாரானால் 21 நாள் தள்ளுபடி. அப்பீலுக்கு ஏப்ரல் 21 வரை இடமுண்டு. கெடு முடிந்த பிறகு, ஏப்ரல் 2ஆம் தேதி மனுப் போட்டவனுக்கு ஒரு நாளும் தள்ளுபடி இல்லை. முத்திரைத் தாள் கேட்டும் கட்டாமல் கடத்திய நாட்களும், நகல் தயாரென்று பலகையில் ஒட்டியும் வாங்காமல் விட்ட நாட்களும் நம் கணக்கிலேயே விழும். தாமதத்தை மன்னிக்குமாறு மனுச் செய்யலாம். போதிய காரணம் காட்டவேண்டும், எதிரியும் சும்மா இருக்கமாட்டான். நல்ல குமாஸ்தா இதற்கெல்லாம் இடம் வைப்பதில்லை. தீர்ப்புச் சொன்ன அன்றே நகல் மனுவை எழுதிவிடுவார். கட்சிக்காரர் அழுதுகொண்டு மரத்தடியில் நிற்கும்போதே அவர் நகல் பிரிவுக்குப் போய்விட்டிருப்பார். இதைக் கல்நெஞ்சம் என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கருணையாகவே தோன்றுகிறது.

கட்சிக்காரரின் குடும்ப ரகசியங்கள் எல்லாம் குமாஸ்தாவின் காதில் விழும். வக்கீலைப் போலவே அவரும் அவற்றை வெளியிடலாகாது என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 127ஆம் பிரிவு விதித்திருந்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி அதன் இடத்துக்கு வந்த புதுச் சட்டமும் அந்தக் கடமையை விடவில்லை. எங்கள் பெரிய தாயார் எத்தனையோ முறை வம்பு கேட்டுப் பார்த்தார்; ஒரு வார்த்தை பெயரவில்லை.

கடைசியாக, இக்காலனியில் பல வீட்டாருக்குப் பயன்படக்கூடிய விஷயம் ஒன்று. வழக்கில் தாக்கல் செய்து ஏற்றுக்கொள்ளப்படும் ஒவ்வொரு அசல் பத்திரத்திலும் வழக்கின் எண், தாக்கல் செய்தவர் பெயர், தேதி ஆகியவற்றைக் குறித்து நீதிபதி கையொப்பமிடுகிறார். வழக்கு முடிந்து, அப்பீல் கெடுவும் கழிந்தபின், தாக்கல் செய்தவர் மனுக் கொடுத்து அதைத் திரும்பப் பெறலாம். ஜெயித்த சந்தோஷத்திலும் தோற்ற துக்கத்திலும் இதை மறந்து ஊர் மாறிவிடுகிறோம். பழைய கட்டுகளை என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். அவற்றைக் குறித்த காலத்துக்குப்பின் அழிப்பதற்கென்றே 1917ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. பெரிய தகப்பனார் தம் நோட்டில், வழக்கு முடிந்தும் அசல் வாங்காதவர்களின் ஜாபிதா ஒன்று வைத்திருந்தார். அவரவர் மாறிப்போன ஊர்களுக்குத் தம் கைக்காசில் கார்டு எழுதுவார். ‘தங்கள் தகப்பனாரின் பத்திரம் கோர்ட்டில் இருக்கிறது. வந்து பெற்றுக்கொள்ளவும்’ என்று இரண்டே வரி. உங்களில் எவருடைய பாட்டனாராவது சித்தூரிலோ திருப்பதியிலோ வழக்காடியிருந்தால், வீட்டுப் பெட்டியில் பழைய தீர்ப்பின் நகல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வழக்கின் எண் அதன் முதல் பக்கத்தின் தலைப்பில் இருக்கும்.