நகரக் கொலைகளும் சர்க்கார் பணமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பெரிய நகரங்களில் வாலிபர்கள் கோஷ்டி சேர்ந்து ஒருவரையொருவர் துப்பாக்கியால் சுட்டு மடிவதைத் தடுக்கச் சர்க்கார் எவ்வாறு பணம் செலவிடவேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். போலீசையும் சிறையையும் பெருக்கினாற் போதும் என்போர் பலர். அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரத்தின் அனுபவமோ வேறு.

காரி ஸ்லட்கின் என்னும் வைத்தியர் ஆப்பிரிக்காவில் தொற்றுநோய்களை ஒழிக்கப் பாடுபட்டுத் திரும்பியவர். கொலையும் தொற்றுநோய்போற் பரவுவதை அவர் கண்டார். ஒருவன் சுடப்பட்டால் அவன் தம்பியோ தோழனோ பழிவாங்கப் புறப்படுகிறான். மறுநாள் வேறொரு வீட்டில் இழவு விழுகிறது. 2000-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய முயற்சியில், முன்னாளில் கோஷ்டிகளில் இருந்து சிறை கண்டு திருந்தியவர்களே பின்னர்ச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். இவர்களிடம் ஆயுதமுமில்லை, கைதுசெய்யும் அதிகாரமுமில்லை. சுடப்பட்டவன் கிடக்கும் ஆஸ்பத்திரிக்கே சென்று, கொதித்து நிற்கும் உறவினரிடம், இன்றிரவு மட்டும் பொறுங்கள் என்று மன்றாடுவார்கள். பாதிரியார் சொல்லுக்கு இணங்காதவனும் இவர்கள் சொல்லுக்கு இணங்குவான்.

இனிப் பணத்தின் கதை. 2015-இல் இல்லினாய்ஸ் மாகாண சர்க்கார் கொடுத்துவந்த பணத்தை நிறுத்திற்று. ஊழியர் பலர் வேலையிழந்தனர். அவ்வாண்டு 500-க்குக் குறைவாயிருந்த சிக்காகோக் கொலைகள் 2016-இல் 750-க்கு மேலாயின. பணம் நின்றதே முழுக்காரணம் என்று நாம் சொல்லத் துணியோம். போலீசார்மீது ஜனங்களுக்கிருந்த நம்பிக்கை குலைந்ததும் அக்காலத்திலேதான். ஆயினும், நெருப்புப் பற்றும் வேளையில் தண்ணீர்க்குடத்தை எடுத்துப்போவது என்ன நியாயம்?

2022-இல் அமெரிக்க மத்திய சர்க்கார் இத்தகைய பணிக்கென 5 ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கிற்று. 2025 ஏப்ரலில் நீதி இலாகாவின் 300-க்கு மேற்பட்ட உதவித்தொகைகள் இடைநடுவில் ரத்தாயின. இப்பணிக்குரியவையும் அவற்றுட் பல. ஆனி மாதத்தில் உபாத்தியாயரை நியமித்து ஆவணியில் அனுப்பிவிட்டால் பிள்ளைகள் என்ன கற்பார்கள்? தெருவில் ஒருவன் நம்பிக்கை பெறப் பல வருஷம் வேண்டும். மேலும், சிறைசென்ற பெயருள்ளவனுக்கு வேறு யார் எளிதில் வேலை கொடுப்பார்? அவன் எங்கே திரும்பிப் போவான் என்பதை நீங்களே யோசியுங்கள்.

நம் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவென்று மகமை எடுத்துப் பள்ளிக்கும் கோயிலுக்கும் வைப்பதுண்டல்லவா? ஏறக்குறைய அதுபோலவே கலிபோர்னியா மாகாணம் 2023-இல் ஒரு சட்டம் செய்தது. 2024 ஜூலை முதல் அங்கே துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது 11 சதவிகித வரி. அவ்வருவாய் இத்தகைய பணிகளுக்கும் பள்ளிகளின் பாதுகாப்புக்கும் செல்கின்றது.