டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்

அரக்கோணத்திலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ரயிலில் போகிறவர்கள் பெரம்பூரைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்தப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் 1975-இல் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தார். அவர் முயற்சியில்தான் 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பும் தொடங்கியது. 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் ஆரம்பித்த முறை அது.

பைபாஸ் நடக்கும்போது அறுவை நிபுணர் நெஞ்சைத் திறக்கிறார். அதே நேரத்தில் காலருகே நிற்கும் இன்னொருவர், கணுக்காலிலிருந்து மேலேறும் நீளமான ரத்தக்குழாயைப் பதமாகப் பிரித்தெடுக்கிறார். அதன் சின்னச் சின்னக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டுகிறார். ஒரு கட்டு நழுவினாலும் ரத்தம் கசியும். இதயத்தில் புது வழியாகப் பொருத்தப் போவது அந்தக் குழாயைத்தான். பல மருத்துவமனைகளில் இதைச் செய்வது பிசிஷியன் அசிஸ்டென்ட்.

வார்டில் நோயாளியின் பழைய வியாதிகளைக் கேட்டு எழுதுவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது எல்லாம் இவர்கள் வேலையில் சேரும். எதுவானாலும் டாக்டரின் மேற்பார்வையில்தான்.

இத்தனை பொறுப்பைச் சுமப்பவர்களின் தொழிலை நாடு தழுவிய சட்டம் ஒன்று அட்டவணையில் சேர்த்தது 2021-இல்தான். படிப்பு தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய முப்பது வருடம் ஆகியிருக்கிறது. ரொம்பத் தாமதம்!

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பது பி.எஸ்சி. பட்டம், மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி.