பறக்கும் பறவையைப் படம்பிடித்தல்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது கண்டி வாவிக்கரை மரங்களில் கரிய நீர்க்காகமும் வெண்கொக்கும் அருகருகே தங்குகின்றன. இவ்விரண்டையும் பறக்கையில் படம்பிடிக்கக் கற்றவன் இக்கலையில் பாதியைக் கற்றவனாவான்.

முதலாவது வேகம். செக்கனுக்கு 10 மீற்றர் பறக்கும் பறவை 1/100 செக்கனில் 10 சதமமீற்றர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். 1/2000 செக்கனிலோ 5 மில்லிமீற்றரே நகரும். பிரான்சிய அறிஞர் மாரே 1882 இலேயே துப்பாக்கி வடிவக் கமராவினால் 1/720 செக்கனில் பறவைகளைப் படம்பிடித்தார்.

அடுத்தது ஒளி. கமராவின் ஒளிமானி காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். ஆகவே, வெளிறிய வானத்தின் முன் நீர்க்காகம் வெறும் நிழலாகிவிடும். அங்கே ஒளியை ஒன்று அல்லது இரண்டு படி கூட்ட வேண்டும். உடவத்தகெலே வனத்தின் இருளுக்கு முன் கொக்கு வெளுத்து, இறகின் வரிகள் மறையும். அங்கே ஒரு படி குறைக்க வேண்டும். டிஜிற்றல் படத்தில் இருண்டதைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். அடியோடு வெளுத்ததை மீட்க இயலாது.

இறுதியாக ஒன்று. பறக்கும் படம் வேண்டிக் கல்லெறிந்து பறவையை எழுப்புவோரும் உளர். தாய் எழுந்த கூட்டின் முட்டை காகத்துக்கு இரையாகும். மாலையில் அவை தாமாகவே பறந்து வரும், காத்திருப்போம்.