கட்டுமானத் தொழிலில் அறிவுச் சேமிப்பும் இணைய வணிகமும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு பெரியது. நான் இந்தக் குன்றத்தூர், தாம்பரம் வட்டாரத்தில் கட்டடம் கட்டிப் பிழைக்கிறவன். அதனால் நம் ஊர் மண்ணில் நின்றுகொண்டே இதைப் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இணைய வணிகம். நான் படிப்பை முடித்து சைட்டில் சேர்ந்த புதிதில், மணல் வேண்டுமென்றால் மேஸ்திரிதான் லாரிக்காரருக்குப் போன் செய்வார். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இறங்கிய லோடை டேப் வைத்து அளந்தால் 100 இருக்காது. கேட்டால், "வர்ற வழியில குலுங்கிப் படிஞ்சிடுச்சு சார்" என்பார் டிரைவர். விலையும் ஆளுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. 2016-ல் மத்திய அரசு தன் துறைகள் பொருள் வாங்குவதற்கென்றே 'ஜெம்' என்ற இணையச் சந்தையைத் தொடங்கியது. 2017-ல் நம் பொதுப்பணித் துறை ஆற்று மணலுக்கு இணையத்தில் பதிவு செய்யும் முறையைக் கொண்டு வந்தது. 2022-ல் எல் அண்ட் டி நிறுவனம் கம்பி, சிமென்ட் முதல் சின்னச் சின்னக் கருவிகள் வரை விற்பதற்கு 'சூஃபின்' என்று ஓர் இணையக் கடை போட்டது. 2024 ஜூலையில் தமிழக அரசு, 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து இணையத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் உட்கார்ந்தபடி பிளான் அனுமதி என்று என் அப்பாவிடம் சொன்னபோது, அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்!

இதெல்லாம் நல்ல மாற்றங்கள். விலை தெரிகிறது, ரசீது கிடைக்கிறது, அலைச்சல் குறைகிறது. ஆனால் இணையம் நமக்குச் சரக்கைத்தான் கொண்டு வந்து இறக்குகிறது. அந்தச் சரக்கு எங்கே போயிற்று, எந்தத் தூணுக்குள் புதைந்தது என்ற விவரம் எவரிடமும் தங்குவதில்லை. இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஓர் உதாரணம். ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி வருகிறது. டிரைவர் கையில் ஒரு சலான் இருக்கிறது. எந்த கிரேடு, எத்தனை கன மீட்டர், எத்தனை மணிக்குக் கலவை ஏற்றினார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 தரும் பொது விதி. தாம்பரம் பைபாஸில் லாரி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சலானைப் பார்க்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், பில் பாஸ் ஆகும் வரை வைத்திருக்கிறோம். பிறகு அது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அந்தக் கான்கிரீட் இரண்டாவது மாடியில் எந்தத் தளத்துக்குப் போயிற்று என்று அடுத்த வருடம் யாராவது கேட்டால் பதில் கிடையாது. சிமென்ட் மூட்டையில் அச்சாகியிருக்கும் வாரமும் வருடமும், கம்பிக்கு வந்த டெஸ்ட் சர்டிபிகேட்டும், 28 நாள் கழித்து உடைத்த 150 மி.மீ. கியூபின் முடிவும் கடைசியில் இதே கதிதான்.

"நாங்கதான் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போடறோமே சார்" என்று என்னிடம் வேலை பார்க்கும் தம்பி சொல்கிறார். போடுகிறார்கள். அன்று மாலைக்குள் அதன்மேல் நாற்பது 'குட் மார்னிங்' ஏறிவிடுகிறது. சேர்த்து வைப்பது என்பது வேறு, வேண்டும்போது எடுக்கும்படி வைப்பது என்பது வேறு.

அறிவு மேலாண்மை என்று பெரிய பெயரில் சொல்வதும் இதைத்தான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எழுதி வைக்கக் கூடியது: வரைபடம், கணக்கு, பரிசோதனை முடிவு. இன்னொன்று, ஆள் கையில் இருப்பது. தூக்குக்குண்டைப் பிடித்த மாத்திரத்தில் சுவர் சாய்வதைச் சொல்லும் கொத்தனார், கலவையை மண்வெட்டியால் ஒரு புரட்டுப் புரட்டித் தண்ணீர் அதிகம் என்று சொல்லும் பெரியாள். இவர்களின் அறிவு எந்த ஐ.எஸ். புத்தகத்திலும் இல்லை. 'அறிந்தும் சொல்ல முடியாத அறிவு' என்று மைக்கேல் போலானி 1960-களில் எழுதியது இதைப் பற்றித்தான். நம் மேஸ்திரிகள் அவரைப் படித்ததில்லை, அவ்வளவே!

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பழைய கட்டடத்தின் மேல் இன்னும் ஒரு மாடி எழுப்ப உரிமையாளர் கேட்டார். கட்டியதும் அதே நிறுவனம்தான். அஸ்திவாரத்தின் அளவு என்ன என்று தேடினோம். டிசைன் செய்தவர் வேலையை விட்டு துபாய் போய்விட்டார். வரைபடம் இருந்த கம்ப்யூட்டர் மாறிவிட்டது. அந்த சைட்டைப் பார்த்த மேஸ்திரி காலமாகிவிட்டார். கடைசியில் நாலு இடத்தில் வானம் தோண்டி, பேஸ்மட்டத்தை ஒட்டி இறங்கி, டேப் வைத்து அளந்தோம். தாங்கள் கட்டியதைத் தாங்களே தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட கதை இது.

அதில் போனது பணமும் நாளும் மட்டும்தான். உயிரும் போகக்கூடிய தொழில் நம்முடையது.

போரூரிலிருந்து நம் ஊருக்கு வரும் வழியில் இருக்கிறது மௌலிவாக்கம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம்மை நம்பி வேலைக்கு வந்தவர்கள். அதே வளாகத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். வழக்கின் விவரங்களுக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. மண் ரிப்போர்ட் ஒருவரிடம், டிசைன் ஒருவரிடம், கியூப் முடிவு ஒருவரிடம், மேலே ஏறிய சுமை வேறொருவரிடம் என்று பிரிந்து கிடக்கும் நம் சைட்டுகளில், இவை நான்கையும் ஒரே மேஜையில் பரப்பி வைத்துப் பார்க்கிற ஆள் யார்?

லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஜூடித் ஹாக்கிட் என்ற பொறியாளர் அம்மையார் தலைமையில் விதிமுறைகளை ஆராய்ந்தார்கள். 2018-ல் வந்த அறிக்கையின் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று 'பொன்னிழை'. வரைபடத்தில் ஆரம்பித்து, போட்ட பொருள், செய்த மாற்றம், பராமரிப்பு வரை எல்லா விவரமும் கணினியில் ஒரே இழையாக, கட்டடம் உள்ள வரை அறுபடாமல் வர வேண்டும் என்பதே அதன் பொருள். 2022-ல் அங்கே அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் 2016-ம் ஆண்டின் ரெரா சட்டம், கட்டமைப்பில் குறை இருந்தால் வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடம் வரை கட்டியவர்தான் பொறுப்பு என்கிறது. பொறுப்பை எழுதியாயிற்று. அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான விவரத்தை எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது.

சரி, நம்மால் என்ன செய்ய முடியும்? பெரிய சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லவில்லை. மண்ணிலிருந்து ஆரம்பிப்போம். இந்த வட்டாரத்தில் மலையடிவாரத்தில் சில அடியிலேயே பாறை தட்டும். ஏரிப் பக்கமும் அடையாற்றுப் பக்கமும் போனால் களிமண். ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகத் துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணி எழுதுகிறோம். வேலை முடிந்ததும் அந்த போர்லாக் பீரோவுக்குள் போய்விடுகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் முன்னாள் மாணவர்களின் பீரோக்களைத் திறந்தாலே இந்தப் பக்கத்து மண்ணின் கதை பாதி கிடைத்துவிடும்.

அதே போல வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று சில வீட்டுக்காரர்கள் சுவரில் கோடு போட்டு வைத்தார்கள். பெயின்ட் அடித்தால் அந்தக் கோடு போய்விடும். போய்விட்டால், அடுத்து வரும் பொறியாளர் பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்பதை யாரிடம் கேட்பார்?

எனவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, நம் பழைய மாணவர்கள் தங்களிடமுள்ள போர்லாக்குகளை, உரிமையாளர் சம்மதத்தோடு, அவர் பெயரை எடுத்துவிட்டு, இடத்தை மட்டும் குறித்துக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, இறுதியாண்டு சிவில் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு வெள்ளக் குறிகளை அளந்து சேர்க்க வேண்டும். மூன்றாவது, வயதான மேஸ்திரி ஒருவரையாவது ஒவ்வொரு மாணவரும் சந்தித்து, அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி வர வேண்டும். எல்லாவற்றையும் கல்லூரியின் வலைத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைப்போம்.

"போட்டிக்காரனுக்கு நான் ஏன் சார் கொடுக்கணும்?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் ரேட்டைக் கேட்கவில்லை, அது உங்கள் ரகசியமாகவே இருக்கட்டும். மண் எவர் ரகசியமும் அல்ல. பக்கத்து மனையில் அடுத்தவர் கட்டுவது விழுந்தால், அது உங்கள் சுவர் மேலேதான் விழும்.

இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். அடியார்களின் பெயர்களைச் சுந்தரர் சுருக்கமாகத் தொகுத்தார். நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாக விரித்தார். சேக்கிழார் 12-ம் நூற்றாண்டில் அதை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட பெரிய நூலாக்கினார். ஒருவர் வைத்துவிட்டுப் போனதை அடுத்தவர் எடுத்து வளர்த்திருக்கிறார். முதலில் வைத்தவர் ஒருவர் இருந்ததால்தான் அது முடிந்தது.

என் கையிலுள்ள போர்லாக்குகளை, உரிமையாளர்களின் சம்மதக் கடிதங்களோடு, இந்த மேடையிலேயே துறைத் தலைவர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். அடுத்த சந்திப்புக்குள் இந்தக் கோப்பு கனக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.